முன்றில் கண்ட இளவேனில்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



குறுந்தொகையின் 41-ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் அணிலாடு முன்றிலார். அது தாய் தந்தையர் இட்ட பெயர் அன்று. அவருடைய இயற்பெயர் காலத்தில் மறைந்தது, ஊர் மறைந்தது, ஆண்பாற் புலவரா பெண்பாற் புலவரா என்பதும் மறைந்தது. அவர் பாட்டில் அமைத்த ஒரு சொற்றொடர் மட்டும் நின்றது. பாட்டைத் தொகுத்தோர் அத்தொடரையே பெயராக்கினர். ஒரு வீட்டின் முன்னே உள்ள வெளியில் அணில் ஆடுவதைக் கண்டவர் என்பது ஒன்றே இன்று அவருடைய முழு வரலாறு.

அந்தப் பாட்டில் தலைவி தன் தோழியிடம் பேசுகிறாள். காதலர் உடனிருக்கும்போது விழாக்கொண்ட ஊரைப் போல மகிழ்வதாகவும், அவர் பிரிந்த நாளில் மக்கள் கைவிட்டுப்போன சிற்றூரில் அணில்கள் ஆடும் முற்றத்தையுடைய தனித்த வீட்டைப் போலப் பொலிவிழந்து வருந்துவதாகவும் கூறுகிறாள். பாழ்வீட்டைக் காட்டுவதற்குப் புலவர்க்கு எத்தனையோ வழிகள் உண்டு. இடிந்த சுவரைச் சொல்லலாம், சிலந்தி வலையைச் சொல்லலாம், இருளைச் சொல்லலாம். இவரோ அணிலைச் சொன்னார். ஏன்?

அணிலைப் பார்த்துப் பழகியவர்க்கு விடை தெரியும். மக்கள் நடமாடும் முற்றத்தில் அணில் ஓடும், ஆடாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விரைந்து கடக்கும். ஒரு மணியைக் கவ்வியதும் மரத்தில் ஏறிக்கொள்ளும். அச்சம் நீங்கிய இடத்தில்தான் ஒன்றையொன்று துரத்தி, உருண்டு, வாலை நிமிர்த்தி விளையாடும். அணில் ஆடுகிறது என்றால் ஆள் இல்லை என்பது பொருள். உயிர்த்துடிப்புள்ள ஒரு காட்சியைக் கொண்டு உயிரற்ற தனிமையைச் சொன்ன இந்த நுட்பம், வீட்டு வாயிலில் நின்று பலகாலம் பார்த்த கண்ணிலிருந்து பிறந்தது. அதற்குக் காடும் மலையும் தேவைப்படவில்லை.

இவ்வுரையின் பொருள் அதுவே. இளவேனிற் காலத்தில் ஒரு வீட்டுத் தோட்டம் எவற்றைக் காட்டுகிறது, அவற்றைக் காணாமல் எழுதும் கவிதை எதை இழக்கிறது என்பவற்றை எண்ணிப் பார்ப்பதே நோக்கம்.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பர். வேனிலைப் பாலைக்கு உரிய பெரும்பொழுதாகத் தொல்காப்பியம் வகுத்தது. அவ்வகையில் வேனில் என்றதும் தமிழ்க் கவிஞர் உள்ளத்தில் வறட்சியும் வெம்மையும் பிரிவுமே முதலில் எழுகின்றன. சுரம் கடந்து செல்பவனுக்கு வேனில் அப்படித்தான் இருக்கும். ஆனால், கொல்லைப்புறத்தில் நிற்பவனுக்கு அதே வேனில் பிறப்பின் காலமாகத் தெரிகிறது. மரங்கள் துளிர்க்கின்றன, பூக்கின்றன, பறவைகள் கூடு கட்டுகின்றன, ஓணான் நிறம் மாறுகிறது, பட்டாம்பூச்சி முட்டையிடுகிறது. மழை வந்தபின் அல்ல. மழைக்கு முன்னரே இவை நிகழ்கின்றன.

இதற்குக் காரணம் உண்டு. வேம்பை எடுத்துக்கொள்ளலாம். மாசி பங்குனியில் பழைய இலைகளைப் பெரிதும் உதிர்த்துவிட்டுச் செம்புநிறத் துளிர் விடுகிறது; தொடர்ந்து சிறு வெண்பூக்களைக் கொத்துக்கொத்தாகத் தாங்குகிறது. ஆழச் சென்ற வேர் நிலத்தடி ஈரத்தைப் பற்றியிருப்பதால் மேல்மண் வெடித்த நிலையிலும் அதற்கு இது இயலுகிறது. சித்திரையில் பூத்தால்தான் ஆனியில் பழம் கனியும். வேப்பவிதை நெடுநாள் முளைப்புத்திறன் தாங்காதது. எனவே பழம் மழைக்காலத்தை ஒட்டி விழுவது அதற்கு இன்றியமையாதது. கோடையின் நடுவே பூக்கும் மரம் கோடையைப் பாராமல் பூக்கவில்லை. வரப்போகும் மழையை முன்னிட்டுப் பூக்கிறது. சித்திரை முதல் நாளில் பச்சடிக்கு வேப்பம்பூ கிடைப்பதும் இந்தக் கணக்கினால்தான். மாலை மங்கியபின் கொல்லைக் கதவைத் திறந்தால் எழும் அந்த மணத்தைப் பகலில் தேடினால் அவ்வளவு கிடைக்காது. கசப்புக்கு உவமையாக வேம்பைச் சொன்ன கவிதைகள் மிகப் பல. அதன் இரவு மணத்தைச் சொன்னவை சிலவே.

வேம்பை அடுத்துப் புங்கம். பழந்தமிழில் இது புன்கு. இலையுதிர்த்துச் சில நாட்களிலேயே எண்ணெய் பூசியதுபோல் மின்னும் இளந்தளிர் விடுவதும், அடுத்துப் பூத்து அடிமரத்தைச் சுற்றித் தரையெல்லாம் வெளுக்கச் செய்வதும் இதன் இயல்பு. குறுந்தொகையின் 53-ஆம் பாட்டில் கோப்பெருஞ்சோழன் இதனைக் காட்டுகிறார். முற்றத்துப் புன்கின் பூ வெண்மணலில் உதிர்ந்து கிடப்பது, வெறியாடும் களத்தில் நெற்பொரி சிதறியது போன்றது என்பது அவர் உவமை. புங்கம்பூவைக் கையில் எடுத்துப் பார்த்தவர் இந்த உவமையின் துல்லியத்தை உணர்வர். வெண்மையும் செம்மையும் கலந்து, ஒரு பக்கம் வெடித்து விரிந்த அதன் வடிவம் பொரியைத் தவிர வேறொன்றை நினைவூட்டாது. பாடியவர் அரசர், பாடிய மரம் முற்றத்து மரம்.

இளவேனிலின் குரலாக எல்லோரும் அறிந்தது குயில். குயிலைப் பாடாத கவிஞர் இல்லை. குயிலைப் பார்த்த கவிஞர் எத்தனை பேர் என்பது வேறு வினா. மூன்று செய்திகளைத் தோட்டம் கற்பிக்கும்.

முதலாவது, நீண்டு உயர்ந்து செல்லும் அந்தக் கூவல் ஆணுடையது. கரிய நிறமும் செங்கண்ணும் உடையது ஆண். பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளும் வரிகளும் கொண்டது. கிக்கிக் என்று விரைந்து கத்துவது. இவ்விரண்டும் ஒரே பறவையின் ஆணும் பெண்ணும் என்பதைத் தோட்டம் வைத்திருப்போருள்ளும் பலர் அறியார். இரண்டாவது, குயில் இளவேனிலில் எங்கிருந்தோ வருவதில்லை. ஆண்டு முழுவதும் அதே வேம்பிலும் அதே ஆலிலும் பழம் தின்று வாழ்கிறது. பனிக்காலத்தில் வாய் திறப்பதில்லை. வருவது பறவை அன்று, குரல். மூன்றாவது, அது கூவத் தொடங்கும் காலம் காகம் கூடு கட்டத் தொடங்கும் காலம். குயிலின் முட்டை காக்கைக் கூட்டில் இடப்படுவதை அனைவரும் அறிவர். காக்கை முட்டைக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகக் குயில் முட்டை பொரியும். காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே குயிற்குஞ்சு வளர்வதும் உண்டு. எனவே குயிலின் இனிய பாட்டுக்குப் பின்னால் காகத்தின் சுள்ளிக் கூடு இருக்கிறது. காகம் கூடு கட்டாத ஊரில் குயிலுக்குப் பாடக் காரணமில்லை.

பாரதியாரின் குயில் பாட்டில் பாடுவது பெண்குயில் ஆயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். அது கனவிலே விரியும் காதற் கதை. அங்கே குயில் மானுட மொழியில் பேசுகிறது. மாடும் குரங்கும் அதன் காதலர்களாக வருகின்றன. கனவுக்கு அந்த உரிமை உண்டு. கண்டபின் மீறுதல் வேறு. காணாமல் பிழைத்தல் வேறு. முன்னது கற்பனை, பின்னது சோம்பல். இரண்டையும் ஒன்றாக எண்ணி, கவிதைக்குப் பொய்யழகு என்று சொல்லித் தப்புவது இந்நாளில் பெருகியுள்ளது.

குயில் பெற்ற பெருமைக்கு எதிர்முனையில் நிற்பது ஓணான். இளவேனிலில் ஆண் ஓணானின் தலையும் தோளும் செந்நிறம் கொள்ளும். தொண்டையில் கருமை படரும். வேலிக் கம்பின் உச்சியில் அமர்ந்து முன்கால்களை ஊன்றி உடலை ஏற்றி இறக்கும். இது பெண்ணை அழைப்பதும் பிற ஆண்களை எச்சரிப்பதும் ஆகும். சிறுவர்களோ அது தங்கள் குருதியை உறிஞ்சிச் சிவக்கிறது என்று நம்பிக் கல்லெறிகின்றனர். தாகத்துக்கு நீர் கேட்ட இராமனுக்கு அணில் இளநீரும் ஓணான் சிறுநீரும் கொடுத்ததாக வழங்கும் கதையும் அதன் தலையில் ஏறியிருக்கிறது. ஒரு கதை அணிலைக் காத்தது. அதே கதை ஓணானைக் கொன்றது. பெண் ஓணான் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, மீண்டும் மண்ணைத் தள்ளி மூடி, தலையால் அழுத்திச் சமன் செய்துவிட்டுப் போவதை ஒருமுறை பார்த்த சிறுவன் மறுமுறை கல்லெடுக்கத் தயங்குவான். சொல்லின் வலிமையையும் சொல்லின் கொடுமையையும் கவிஞர்க்கு விளக்க இதைவிட அண்மையான சான்று வேண்டியதில்லை.

இன்னும் சிறிய உயிர்களிடம் வந்தால் தோட்டம் மேலும் விரிகிறது. கறிவேப்பிலைச் செடியிலும் எலுமிச்சைக் கன்றிலும் இலை குறைவதைக் கண்டு வீட்டார் மருந்து தெளிப்பதுண்டு. தெளிப்பதற்கு முன் அந்த இலையைச் சிறிது நேரம் பார்த்தால், அதன்மேல் பறவையின் எச்சம் போன்ற ஒரு துளி தெரியும். அது எச்சமன்று, கரும்பட்டாம்பூச்சி ஒன்றின் இளம்புழு. எச்சத்தைத் தின்ன எந்தப் பறவையும் விரும்பாது. அதுவே புழுவுக்குக் காவல். வளர்ந்தபின் எச்ச வேடம் பொருந்தாத அளவுக்கு உடல் பெருக்கிறது. அப்போது தோலுரித்து இலைப்பச்சை நிறம் கொள்கிறது. விரலால் தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவைபட்ட செந்நிறக் கொம்பு ஒன்றை நீட்டிக் கடுநாற்றம் எழுப்புகிறது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் பெண் பூச்சியும் வேடம் விடுவதில்லை. ஆடுதீண்டாப்பாளையைத் தின்று நஞ்சேறிய வேறொரு பட்டாம்பூச்சியின் செம்புள்ளிக் கோலத்தை அது பூண்டு கொள்கிறது. நஞ்சு இல்லாதது நஞ்சுள்ளதன் உடையை உடுத்துகிறது. இத்தனை நாடகமும் ஒரு பிடி கறிவேப்பிலை செலவில் நடைபெறுகிறது.

அதே கொல்லையில் அகன்ற இலையுள்ள செடி எதுவாயினும், அதில் தையல்சிட்டு கூடமைக்கக்கூடும். இலையின் இரு விளிம்புகளிலும் அலகால் துளையிட்டு, பஞ்சிழையும் சிலந்தி நூலும் கோத்து இழுத்துப் பை போலாக்கி, அதனுள்ளே கூடு வைக்கிறது. மாமரத்தில் முயிறு எனப்படும் செவ்வெறும்பும் இலைகளை ஒட்டித்தான் கூடு செய்கிறது. ஆனால் அதற்கு நூல் வெளியிலிருந்து வருவதில்லை. வளர்ந்த எறும்புகள் தம் இனத்துப் புழுக்களை வாயில் கவ்வி, இலை விளிம்புகளுக்கிடையே தறிநாடா போல அசைக்கின்றன. புழு விடும் பட்டு இழை இலைகளைப் பிணைக்கிறது. ஒரே தோட்டத்தில் ஒரே வேலையை இரண்டு உயிர்கள் இருவேறு நெறிகளில் செய்கின்றன. இலைக்கூடு என்று பொதுவில் எழுதிச் செல்லும் கவிதைக்கு இரண்டும் அகப்படாமல் போகின்றன.

வாழைப்பூவைப் பகலில் மட்டும் பார்ப்பவர் அதன் பாதிக் கதையை அறிவார். பகலில் தேன்சிட்டு மடலுக்கடியில் தொங்கித் தேனுண்ணும். அணில் தலைகீழாக இறங்கி வந்து பூவின் அடியைக் கடிக்கும். இருட்டியபின் பழந்தின்னி வௌவால் வந்து நொடிப்பொழுது பற்றிவிட்டுச் செல்லும். வீட்டார் உறங்கும் வேளையில் முறை மாறுகிறது. ஒரு பூவுக்கு இரண்டு காலமும் இரண்டு குடிகளும் உண்டு.

சித்திரை நடுவில் வெயில் முற்றியதும் தோட்டத்தின் மையம் மரத்திலிருந்து நீருக்கு மாறுகிறது. நிழலில் அகன்ற மண்சட்டி ஒன்றில் இரண்டு விரற்கடை ஆழம் நீர் ஊற்றி வைத்தால் போதும். மைனா முதலில் வரும், நாணம் அதற்கில்லை. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து, குடிப்பதைவிட மிகுதியாக வாதிடும். கொண்டைக்குருவி இணையாக வரும். விடியலில் சுவர்மேல் நின்று நெடுநேரம் பாடும் குண்டுகரிச்சான் மற்றவை சென்றபின் வந்து குளிக்கும். அஞ்சாதவர் யார், காத்திருப்பவர் யார், யாருக்கு யார் வழிவிடுவர் என்னும் சமூக ஒழுங்கு முழுவதும் அந்தச் சட்டியின் விளிம்பில் தெரியும்.

அந்தச் சட்டிக்குச் சிட்டுக்குருவி வருகிறதா என்பதே இந்நாளில் எல்லோரும் கேட்கும் வினா. குறுந்தொகையின் 46-ஆம் பாட்டில் வீட்டில் வாழும் குருவி வருகிறது. வாடிய ஆம்பற்பூவின் நிறம் அதன் சிறகுக்கு உவமை. முற்றத்தில் உலர்த்திய தானியத்தைத் தின்றது, மன்றத்து எருவின் பொடியில் குடைந்து ஆடியது, வீட்டின் இறப்பிலே குஞ்சோடு தங்கியது என அதன் ஒரு நாள் முழுவதும் அங்கே காட்டப்படுகிறது. 85-ஆம் பாட்டில் சூல் முதிர்ந்த பேடைக்குக் கூடு அமைக்க ஆண்குருவி கரும்பின் பூவைக் கொண்டுவருகிறது. கூடு கட்டுவதில் ஆணுக்குப் பங்குண்டு என்பதை இன்றைய பறவையியலும் உறுதி செய்கிறது.

இப்போது குருவியைப் பற்றி எழுதப்படும் கவிதைகள் பெரும்பாலும் இரங்கற்பாக்கள். குருவி அழிந்துவிட்டது, செல்பேசிக் கோபுரம் கொன்றுவிட்டது என்பதே அவற்றின் சாரம். 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வேறொன்றைச் சொல்கிறது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக உள்ளது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்து வருகிறது. கோபுரத்தின் அலைகளே காரணம் என்பதற்குத் தக்க சான்று இல்லை. கூடு வைக்கத்தக்க ஓட்டு இறப்புகள் மறைந்தமை, குஞ்சுகளுக்கு ஊட்டுவதற்குரிய பூச்சிகள் குறைந்தமை ஆகியனவே ஆய்வாளர் பெரிதும் சுட்டுபவை. இது துயரத்தைக் குறைப்பதற்காகச் சொல்லப்படவில்லை. துயரத்துக்கும் முகவரி சரியாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சொல்லப்படுகிறது. முற்றத்தைச் சிமெண்டால் மூடி, கண்ணாடிச் சாளரம் அடைத்துவிட்டு, தொலைவில் நிற்கும் கோபுரத்தின்மேல் பழிபோடும் கவிதை குருவிக்கு உதவாது. எழுதியவருக்கு ஆறுதல் மட்டும் தரும்.

வைகாசிக்குள் ஒருமுறையேனும் கோடைமழை பெய்வதுண்டு. வெயிலில் வெந்த மண் நனைந்த அன்று மாலையே புற்றிலிருந்து ஈசல் எழும். விளக்கடியில் பல்லியும் தேரையும், மறுநாள் காலை காகமும் கரிச்சானும் விருந்துண்ணும். ஒரு மழை பெய்தவுடன் மழைக்காலமே வந்துவிட்டதோ என்னும் மயக்கம் மனிதர்க்கும் உயிர்களுக்கும் ஏற்படும். அந்த மயக்கத்தின்மேல் எழுந்த பாட்டு ஒன்று உண்டு.

குறுந்தொகையின் 66-ஆம் பாட்டில் கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிச் சென்ற தலைவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி, கொன்றை மரங்கள் அறிவற்றவை என்கிறாள். பருவமல்லாப் பருவத்தில் பெய்த மழையைக் கார் என்று எண்ணி அவை ஏமாந்து பூத்தன. அவர் சொன்ன காலம் இன்னும் வரவில்லை என்று தேற்றுகிறாள். பாட்டின் அடியில் உள்ள பழைய குறிப்பின்படி, பருவம் உண்மையில் வந்துவிட்டது; தோழி சொல்வது அன்பினால் சொல்லும் பொய்.

அந்தப் பொய்யின் அழகு எதில் நிற்கிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். கொன்றை எப்போது பூக்கும் என்பதைத் தோழி அறிவாள், தலைவி அறிவாள், பாட்டைக் கேட்கும் அவையும் அறியும். மூவரும் அறிந்த உண்மையின்மேல்தான் அந்தப் பொய் இரக்கமாக மாறுகிறது. கொன்றையின் காலம் எவருக்கும் தெரியாத ஊரில் தோழியின் சொல் வெறும் செய்தியாகிவிடும். மரங்கள் ஏமாறுவதைப் பற்றிய பேச்சு இன்று மீண்டும் எழுந்துள்ளது. கேரளத்தில் விஷுவுக்குரிய கொன்றை அதற்கு வெகுமுன்னரே பூத்துவிடுவது பேசப்படுகிறது. அங்குப் பள்ளி மாணவர் பலர் வாரந்தோறும் ஒரே மரத்தைப் பார்த்து, தளிரும் பூவும் காயும் எந்த அளவில் உள்ளன என்று பதிவு செய்யும் சீசன்வாட்ச் என்னும் திட்டத்தில் பங்கு கொள்கின்றனர். அந்தத் தோழி செய்த வேலையின் முதற்பாதியை அம்மாணவர் செய்கின்றனர். மறுபாதி கவிஞர்க்கு உரியது. ஆனால் முதற்பாதியை அறியாமல் மறுபாதியைச் செய்ய இயலாது.

வீட்டுத் தோட்டத்தைப் பார்ப்பது சிறுபொழுதுபோக்கு என்று கருதுவோர்க்குச் சில சான்றுகள் போதும். 1859-இல் வெளியான உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில் சார்லஸ் டார்வின் தம் தோட்டத்துச் சோதனை ஒன்றைக் குறிக்கிறார். 3 அடி நீளம், 2 அடி அகலமுள்ள நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, தானாக முளைத்த களைக்கன்று ஒவ்வொன்றையும் அடையாளமிட்டார். 357 கன்றுகளில் 295 அழிந்தன. பெரும்பாலும் நத்தையினத்தாலும் பூச்சிகளாலும் அழிந்தன. வாழ்வுப் போராட்டம் என்னும் பெருங்கருத்துக்கு ஒரு பாயளவு நிலம் சான்று கூறிற்று. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிஃபர் ஓவன் என்னும் உயிரியலாளர் 1972 முதல் 2001 வரை முப்பது ஆண்டுகள் தம் வீட்டுத் தோட்டத்தில் கண்டவற்றை எண்ணினார். மொத்தம் 2,673 இனங்கள். அவற்றுள் 1,997 பூச்சியினங்கள். அது காடன்று, நகரத்து வீடுகளின் நடுவே அமைந்த சாதாரணத் தோட்டம்.

தமிழ்நாட்டிலும் முன்னோடி உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் தம் இறுதிக் காலம் வரை இயற்கை பற்றிய பத்தி எழுதினார். யானையையும் காட்டெருமையையும் தேடிக் காடேகிய அவரே, வீட்டு மாடத்துப் புறாவையும் முற்றத்துக் காகத்தையும் தெருநாயையும் அதே கருத்துடன் எழுதினார். தமிழிலும் கட்டுரைகள் தந்தார். பெரிய உயிர், சிறிய உயிர் என்னும் வேறுபாடு அவர் பார்வையில் இல்லை.

இவ்வட்டத்தின் கவிஞர்களுக்கு இவற்றிலிருந்து கொள்ளத்தக்கது என்ன? மரங்களின் பெயர்களை மனப்பாடம் செய்து கவிதையில் அடுக்குவதன்று. குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை ஒருங்கே சொன்னது. அதைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. வேண்டுவது எளியது. பங்குனித் திங்கள் பிறந்தது முதல் வைகாசி முடியும் வரை, நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே இடத்தில், கால்மணி நேரம் அமர்தல். கண்டதைத் தேதியிட்டு எழுதுதல். முதல் குயில் கூவிய நாள், வேம்பில் முதற்பூ கண்ட நாள், காகம் சுள்ளி சுமந்த நாள், முதல் ஈசல் எழுந்த மாலை ஆகிய நான்கை மட்டும் குறித்தாலும் போதும். கண்டதையும் ஊகித்ததையும் கலவாமல் எழுதவேண்டும். உவமை அந்தக் குறிப்பேட்டில் நுழையக் கூடாது. உவமை தானே பின்னால் வரும். பொரி சிதறியது போல என்னும் உவமை முதலில் உதிர்ந்த பூவைக் குனிந்து எடுத்த பின்னரே வந்திருக்கவேண்டும்.

தோட்டம் இல்லாதோர் என் செய்வது என்னும் வினா நேர்மையானது. அடுக்குமாடியில் வாழ்வோர் இவ்வட்டத்திலும் பலர் இருப்பர். ஒரு தொட்டிக் கறிவேப்பிலைக்குப் பட்டாம்பூச்சி மூன்றாம் மாடிக்கும் ஏறி வரும். ஒரு சட்டி நீருக்குக் காகம் வரும். காகம் வந்தால் அதன் பின்னே குயிலும் வரும். பேருந்து நிறுத்தத்துப் புங்கமரமும் எல்லோருக்கும் முற்றமே.

இதில் காலம் கடத்துவதற்கு இடமில்லை. வீடு விற்கப்படும்போது கிணறு மூடப்படுகிறது, வேம்பு வெட்டப்படுகிறது, எல்லை வரை கட்டடம் எழுகிறது. சட்டப்படி எவரும் தவறு செய்யவில்லை. அங்கே எந்த நாளில் குயில் கூவியது, எந்தக் கிளையில் காகம் கட்டியது என்னும் குறிப்பு மட்டும் இருந்திருந்தால், இழந்தது இன்னதென்றேனும் தெரிந்திருக்கும். குறிப்பு இல்லாத இடத்தில் இழப்பும் இல்லாதது போல் ஆகிவிடுகிறது. அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அந்த இடம் எப்போதும் சிமெண்டாகவே இருந்தது என்று தோன்றும்.

வேறொரு வகை வீடும் இன்று ஊர்தோறும் பெருகியுள்ளது. பிள்ளைகள் தொலைநகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றபின், முதியோரும் மறைந்தபின், பூட்டிக் கிடக்கும் வீடு. அதன் முற்றத்தில் வேப்பம்பூ பெருக்குவாரின்றிக் கிடக்கிறது. கொடியில் தேன்சிட்டின் கூடு தொங்குகிறது. அச்சம் நீங்கிய அணில்கள் அங்கே ஆடுகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சுரத்தின் ஓரத்துச் சிற்றூரில் கண்ட காட்சி இப்போது பக்கத்துத் தெருவில் இருக்கிறது. அந்த வீட்டின் தனிமையை மனிதக் கண்ணால் பார்த்தால் துயரம். அணிலின் பக்கம் நின்று பார்த்தால் விழா. இரண்டையும் ஒருசேரப் பார்த்தவர் தம் பெயரை இழந்து பாட்டை வைத்துச் சென்றார்.

பத்தாண்டு நிறைவு என்பது கணக்குப் பார்க்கும் வேளை. எத்தனை கூட்டங்கள், எத்தனை நூல்கள் என்னும் கணக்கு இம்மலரில் வேறு பக்கங்களில் இடம்பெறும். வரும் இளவேனிலில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, ஆடி மாதக் கூட்டத்தில் அதனைக் கவிதையாக்காமல் அப்படியே படித்தல் நன்று. பதினோராம் ஆண்டில் தொடங்கினால் இருபதாம் ஆண்டில் பத்து இளவேனில்களின் பதிவு இவ்வட்டத்தின் கையில் இருக்கும். அப்போது தோழி ஒருத்தி, கொன்றை ஏமாந்து பூத்தது என்று மீண்டும் பாட நேர்ந்தால், அவள் சொல்வது உண்மையா, அன்பினால் சொல்லும் பொய்யா என்பதை அறிந்து கேட்கும் அவை ஒன்றேனும் தமிழில் இருக்கும்.